ஸ்பைருலினாவிலிருந்து ஒளிரும் ஃபிலிம்: இதுவரை வந்தது

ஸ்பைருலினா பொடியைக் கருக்கி எடுத்த கார்பன் டாட்ஸை பிவிஏ (தண்ணீரில் கரையும் ஒரு பிளாஸ்டிக்) கரைசலில் கலந்து ஊற்றிய ஃபிலிம் ஒருவழியாகக் கிழியாமல் உரிந்து வந்துவிட்டது. புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிர்கிறது, அடித்த புற ஊதாவில் பெரும்பகுதியை அந்தப் பக்கம் விடுவதும் இல்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கார்பன் டாட் என்பது பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் துகள். 2004இல் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்யும்போது தற்செயலாகக் கிடைத்தது. இதேபோல் ஒளிரும் பழைய நானோ துகள்களான குவாண்டம் டாட்ஸில் பலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும், இதில் அது இல்லை, அதனால்தான் வீட்டில் தொடத் துணிந்தேன். ஸ்பைருலினாவில் பாதிக்கு மேல் புரதம், புரதத்தோடு நைட்ரஜனும் வந்துவிடுகிறது, நைட்ரஜன் சேர்ந்த டாட்ஸ் பெரும்பாலும் நன்றாக ஒளிரும்.

ஆய்வகத்தில் டெஃப்லான் உறை போட்ட ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் உலோகப் பாத்திரம்) 180, 200 டிகிரியில் தண்ணீரோடு மூடி வேகவைப்பார்கள். அவ்வளவு அழுத்தத்தை ஃப்ளாட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பழைய ஓடிஜியை (சின்ன மின்சார அவன்) பால்கனிக்குக் கொண்டுபோய் 200 டிகிரியில் உலர்வாகவே கருக்கினேன் (புரதம் கருகும் நாற்றம் லேசில் போகாது, அந்த ஓடிஜியில் இனி சமையலும் கிடையாது). அப்புறம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி, கடைசியாக 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் தள்ளினால் டிகாக்‌ஷன் நிறத்தில் தெளிவான கரைசல்.

டார்ச் பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் வாங்கியது. மலிவாகக் கிடைப்பதெல்லாம் 395 நானோமீட்டர் அலைநீளம், அதன் ஊதா வெளிச்சமே நம் நீலத்தை மறைத்துவிடும், அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி போட்ட 365தான் வேண்டும் என்று நின்றேன். கடைக்காரர் நம்மூர்க்காரர்தான், "நோட்டு செக் பண்ற லைட்டா சார்?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. ரூபாய் நோட்டில் புற ஊதா பட்டால் ஒளிரும் இழைகள் உண்டு. வெறும் பிவிஏ ஃபிலிமை டார்ச் வாயில் பிடித்து 500 ரூபாய் நோட்டில் அடித்தால் இழைகள் பளிச்சென்று தெரிகின்றன, டாட்ஸ் கலந்த ஃபிலிமைப் பிடித்தால் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஃபிலிமை நோட்டின் மேலேயே வைத்தால் அதன் சொந்த ஒளி குழப்பும், டார்ச் பக்கம் பிடிப்பதே சரி.

ஃபிலிமுக்கு 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் பிவிஏ, 90 டிகிரி வாக்கில் கிளறிக்கொண்டே கரைத்தது, வளைந்துகொடுக்க சில சொட்டு கிளிசரின். தட்டையான பிளாஸ்டிக் மூடியில் ஊற்றினால் சுலபமாக உரிகிறது. பெங்களூரு மழைக்காலத்தில் காய்வதற்குள் பொறுமை போய்விடும்.

இதில் முக்கியமான விஷயம் அளவு. டாட்ஸ் கரைசலைக் கூட்டக் கூட்ட ஃபிலிம் பழுப்பாகி நன்றாகத் தடுக்கிறது, ஆனால் ஒளிர்வு குறைகிறது. துகள்கள் நெருங்கினால் ஒன்றின் ஒளிர்வை இன்னொன்று அணைக்கும், பழுப்பு நிறமும் ஒளியை விழுங்கும். காய்ந்த பொடியாக எடுத்தால் ஒளிர்வே தெரிவதில்லை, பிவிஏதான் துகள்களைத் தள்ளித்தள்ளிப் பிடித்து வைக்கிறது. அதனால் ஒரே அடர்த்தியான ஃபிலிமைவிட மெல்லியது இரண்டை அடுக்குவதே எனக்குப் பிடித்திருக்கிறது. இதைக் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம், நோட்டுச் சோதனை அதற்கெல்லாம் போதாது.

இந்த நீலம் முழுக்க டாட்ஸுடையதுதானா என்று பார்க்க வேண்டும், கருக்கும்போது பிறக்கும் சிறு மூலக்கூறுகளும் ஒளிரும், அவையும் அந்த ஃபில்டரில் இறங்கிவிடும். அந்தச் சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் குழாய்க்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். அதுவரை ஒரு துண்டைப் பாதி மூடி பால்கனி வெயிலில் ஒட்டி வைத்திருக்கிறேன், மூடாத பாதி வெளுக்கிறதா என்று பார்க்க.