வாங்கப் போனவன்

சிங்கப்பூருக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்குத் தெரிந்த சீனம் 'நீ ஹாவ்', 'ஷியே ஷியே' இரண்டோடு சரி. போன மாதம் திடீரென்று ரோஷம் வந்து ஒரு செயலியை இறக்கிப் படிக்க உட்கார்ந்தேன். முதல் வாரத்திலேயே 'மை' வந்தது. வாங்குவது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் சட்டை முழுக்கக் கொட்டிக்கொண்ட சொல், மறக்குமா! சீனத்தை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில் மூன்றே எழுத்து. நடு எழுத்தின் தலையில் ஏதோ குட்டிக் குறி இருந்தது. நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஈரச்சந்தையில் மங்குஸ்தானைக் காட்டி, "வோ யாவ் மை!" என்றேன் கம்பீரமாக. பழக்கடை ஆன்ட்டி என் காலிப் பையை எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன விற்கப் போறே?" என்றார் ஆங்கிலத்தில்.

கோளாறு அந்தக் குட்டிக் குறியில். குரலை இறக்கி ஏற்றினால் வாங்குவது. மேலிருந்து பொத்தென்று போட்டால், அதாவது வீட்டில் "போ!" என்று அதட்டுகிற மாதிரி சொன்னால், விற்பது. கம்பீரம் கவிழ்த்துவிட்டது. சீன எழுத்திலும் இதே வம்புதான்: இன்றைய எளிய வடிவத்தில், வாங்குவதன் தலையில் ஒரு கூட்டல் குறி வைத்தால் விற்பது. இரண்டையும் சேர்த்து 'மைமை' என்றால் வியாபாரம். அது மட்டும் நியாயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சாப்பிடும்போது புலம்பினேன். வியட்நாம் தோழிக்கு 'மை' என்றால் நாளை. தென் வியட்நாமில் டெட் புத்தாண்டுக்கு வைக்கும் மஞ்சள் பூவும் அதுவே. ஜப்பானியருக்கு நடனம், காகிதம் டிக்கெட் எண்ணவும் அதுதான். தாய்லாந்துக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மை மை மை மை மை?" என்றார் ஒரே மூச்சில். 'புது மரம் எரியாதா?' என்று அர்த்தமாம். ஐந்தும் ஐந்து சொல். என் காதில் ஆட்டுக்குட்டிதான் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை குளியலறையில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். இறக்கி, ஏற்றி, சுத்தமாகச் சொன்னேன். ஆன்ட்டி முகம் மலர்ந்து ஒரு கிலோ நிறுத்தார். நான் பர்ஸைத் துழாவிக்கொண்டிருக்க, பின்னால் வரிசை நீண்டது.

"மை தூ லியாவ்!" என்றார்.

1979இலிருந்து மாண்டரின், அதாவது நான் படிக்கிற சீனம், பேசச் சொல்லி அரசாங்கம் இயக்கம் நடத்தினாலும், ஆன்ட்டிக்கு அவசரத்தில் ஹொக்கியன் என்கிற இன்னொரு சீன வழக்குதான் வருகிறது. அதில் 'மை' என்றால் வேண்டாம், கூடாது. அவர் சொன்னது 'இழுத்தடிக்காதே' என்று. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பாராட்டுகிறார் என்று நினைத்து, "மை, மை!" என்று உற்சாகமாகத் தலையாட்டினேன்.

நிறுத்த பழத்தை அவர் திரும்பக் குவியலில் கொட்டிவிட்டார்.