சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள்

ஓசூர் தாண்டினால் பெங்களூர், இதிலென்ன பெரிய வெளியூர் வாழ்க்கை என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். வந்து பார்த்தால்தான் தெரியும். பஸ் போர்டு படிக்க முடியாது, தண்ணி லாரிக்காரர் போனில் சொல்லும் நேரம் புரியாது, மகளின் கன்னட நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் எதற்குப் போடுகிறோம் என்றே தெரியாது. 2023 ஜூனில் விருதுநகரிலிருந்து வந்து ராமமூர்த்தி நகரில் வீடு எடுத்தோம். முதல் ஆறு மாதம் எனக்கு இது வேறு தேசம்தான். அந்த நாட்களில் எங்கே தமிழ் காதில் விழுந்தாலும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் பூக்காரம்மாவோடு ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால் ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கார் வாங்கும்போது நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

2024 ஜனவரியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் ஏறி இறங்கும்போது அம்மா சத்தம் போடமாட்டார், என் மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடிப்பார். ஒரு பழைய காராவது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நாலைந்து கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் இருந்த பையன் என் பேச்சைக் கேட்டதும், "விருதுநகராக்கா? எங்கம்மா சாத்தூருக்கா" என்றான். அவ்வளவுதான். 2018 மாடல், பெட்ரோல், வெள்ளை நிறம், சிங்கிள் ஓனர், மீட்டரில் 52 ஆயிரம் கிலோமீட்டர். விலை 4,65,000 ரூபாய். மூன்று லட்சத்தைக் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினோம். மீதி 1,65,000 ரொக்கமாக வேண்டும் என்றான், கொடுத்தோம். டெலிவரி நோட்டில் மூன்று லட்சம் மட்டும் எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில், வண்டியை உள்ளபடியே பார்த்துத் திருப்தியாகி வாங்கிக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பழைய ஓனர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அந்தப் படிவங்களில் கடையின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

மார்ச்சில் பின் கண்ணாடி மோட்டார் போனது. ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். அந்த வருஷம் ஏப்ரலில் பெங்களூரில் மழையே இல்லை. மே மாதம் முதல் மழை பெய்த அன்றைக்குக் காரைத் திறந்தால், குளம் வற்றினால் வருமே ஒரு சேற்று வாடை, அது வந்தது.

சிவாஜிநகர் பக்கம் ஒரு மெக்கானிக் பாய் நல்லவர் என்று சொன்னார்கள். தமிழ், உருது, கன்னடம் மூன்றையும் கலந்து பேசுவார். வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் பானெட்டைத் திறப்பார் என்று நான் நினைத்தேன், அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தார். நாம் மாட்டும்போது வெளியே வருகிற அளவைத் தாண்டி, ரீலில் கடைசியாகச் சுற்றியிருக்கும் பகுதி வெளியே வந்தது. அதுவரை கருப்பாக இருந்த பெல்ட் அங்கே காவியேறிக் கிடந்தது. குறுக்காக ஒரு கோடு, அதற்குக் கீழே விரல் வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி வண்டல் உதிர்ந்தது. அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தை இறுக்கும் போல்ட்டுகளில் இருந்த துருவைக் காட்டினார். ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அந்தக் குழியின் மூலையில் காய்ந்த மண். "சீட்டு கவர் புதுசு, மேட்டு புதுசு. பெல்ட்டை யாரும் மாத்தமாட்டாங்கம்மா. இது தண்ணீல முங்குன வண்டி" என்றார்.

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, வெளிவட்டச் சாலை எல்லாம் வெள்ளத்தில் மிதந்ததே, ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்களே, அந்தப் படங்களை விருதுநகர் வீட்டில் உட்கார்ந்து நாங்களும் டிவியில் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் நின்ற ஒரு கார், ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கழித்து என் வாசலுக்கு வந்திருக்கிறது.

இன்னொரு சாட்சி டேஷ்போர்டு பெட்டியிலேயே இருந்தது. பழைய ஓனரின் இன்சூரன்ஸ் பாலிசி. க்ளெய்ம் எடுக்காமல் ஓட்டுகிறவருக்கு வருஷா வருஷம் நோ க்ளெய்ம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு முறை க்ளெய்ம் எடுத்தால் அடுத்த வருஷம் பூஜ்யம், அதற்கடுத்த வருஷம் திரும்ப 20. ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிய சிங்கிள் ஓனர் வண்டியில், 2023 நவம்பரில் புதுப்பித்த பாலிசியில், வெறும் 20 சதவீதம்தான் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் அது பூஜ்யமாகியிருக்கிறது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

ஆர்.சி. அதற்குள் என் பெயருக்கு வந்திருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டு (வண்டியில் செய்த வேலைகளின் பதிவு) கேட்டேன், பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் வண்டியைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். வெள்ளச் சேதம், எஞ்சின் பிரித்தது, வயரிங் மாற்றியது எல்லாம் வரிசையாக இருந்தது. அன்றைய மீட்டர் 71,240. எனக்கு விற்கும்போது 52 ஆயிரம்.

கடைக்குப் போனேன். அதே பையன். அக்கா போய் மேடம் வந்திருந்தது. "மேடம், நாங்க புரோக்கர் மட்டும்தான். ஆர்.சி. யார் பேர்ல இருந்துச்சோ அவங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பணம் போனதைவிட, சாத்தூர் என்ற ஒரு வார்த்தைக்கு நான் மயங்கிய வேதனைதான் தாங்க முடியவில்லை.

கீழ்வீட்டு மேடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைசூர்ப் பக்கம். அதுவரை நாங்கள் பேசியது சிரிப்பும் தலையாட்டலும் மட்டும்தான். அவர் மேலே வந்து, "அளபேடம்மா, மொதலு பேப்பர் எல்லா தகொண்டு பா" என்றார். அழாதே, முதலில் பேப்பரையெல்லாம் எடுத்து வா. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, பாதி ஆங்கிலம் பாதி கன்னடத்தில் எனக்குப் புரிய வைத்தார். புகார் எழுதியது நான், என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நாமே நின்று பேசலாம். நாம் குடியிருக்கும் இடத்திலேயே, வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் போடலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் ஓசூர்க் கடையில் பைக் வாங்கிவிட்டு, கேஸ் போட்டால் கிருஷ்ணகிரிக்கு அலையணுமே என்று சும்மா இருந்துவிட்டார். அவர் பெங்களூரிலேயே போட்டிருக்கலாம். ஒன்று மட்டும், இதெல்லாம் கடை வைத்து வியாபாரம் செய்கிறவர்களிடம் வாங்கினால்தான். தன் சொந்த வண்டியை விற்கும் தனி ஆளிடம் ஏமாந்தால் போலீஸ், சிவில் கோர்ட் என்று வேறு பாதை.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டேன், பதிவு செய்து கடைக்கு அனுப்பினார்கள், கடையிலிருந்து பதில் இல்லை. பதினைந்து நாள் கெடு வைத்து ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. 2024 ஜூலையில் நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனில் புகார் போடும் இ-தாகில் தளத்தில் புகாரை ஏற்றினேன் (இப்போது இ-ஜாக்ரிதி என்று வேறு தளம்). ரொக்கமாகக் கொடுத்த 1,65,000க்கு ரசீது இல்லை என்பதுதான் பெரிய பயம். அதைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் செய்தி: "1.65 கேஷ் கிடைத்தது அக்கா, பேலன்ஸ் நில்." அதைப் பிரிண்ட் எடுத்து, மின்னணு ஆதாரத்துக்கான சான்றும் சேர்த்துக் கொடுத்தேன். பாய் எழுதிக்கொடுத்த சீட்டு மட்டும் போதாது என்று மேடம் சொன்னதால், லைசென்ஸ் உள்ள வாகன சர்வேயர் ஒருவரை வரவழைத்து அறிக்கை வாங்கினேன். பெல்ட்டின் அந்தக் கோட்டை அவர் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தார்.

நோட்டீஸ் கிடைத்த பின் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் கொடுக்க வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லிவிட்டது. அவர்கள் 44ஆவது நாள் வந்தார்கள். அதே பாட்டு: நாங்கள் புரோக்கர், விற்றவர் வேறு.

பழைய ஓனரையும் இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேர்த்திருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக இருந்தது. நேரில் வந்தார், கன்னடக்காரர், வயதானவர். வண்டியில் வெள்ளம் புகுந்த விஷயத்தைச் சொல்லித்தான் கடைக்கு 2,40,000 ரூபாய்க்கு விற்றேன் என்று பிரமாணப் பத்திரமும், கடைக்கு அனுப்பிய செய்தியும், பணம் வந்த வங்கிக் கணக்கு நகலும் கொடுத்தார். வராந்தாவில் என்னிடம் வந்து, தன்னால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம் என்று கையைக் கூப்பினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பரவாகில்லா சார்" என்று மட்டும் சொன்னேன்.

பழைய வண்டிக் கடைகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும், அதன் பின் அந்த வண்டிக்கு அவர்களே ஓனர் மாதிரி பொறுப்பு. இந்தக் கடை அந்தச் சான்றே வாங்கவில்லை. சான்று வாங்காமல் இருந்துகொண்டு, நான் ஓனர் இல்லை என்றும் சொல்வது எப்படி என்று கேட்டேன். பணம் கடைக் கணக்குக்குப் போயிருக்கிறது, டெலிவரி நோட் கடை லெட்டர்ஹெட்டில் இருக்கிறது, ஆகவே விற்றவர் கடைக்காரர்தான் என்று ஆணையம் எடுத்துக்கொண்டது. பொடி எழுத்து வரி செல்லவில்லை. மறைத்து விற்றதற்கு அது கேடயம் ஆகாது.

மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு 14 மாதம் ஆனது. வாய்தா நாளெல்லாம் கணவர் லீவு போட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டார். 2025 செப்டம்பரில் உத்தரவு: வண்டியை எடுத்துக்கொண்டு 4,65,000 ரூபாயை ஒன்பது சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும், நஷ்ட ஈடு 25,000, செலவு 10,000. மேல்முறையீட்டுக்கு 45 நாள், அதற்கும் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அவர்கள் போகவில்லை, பணமும் தரவில்லை. உத்தரவை நிறைவேற்றச் சொல்லி நிறைவேற்றல் மனு போட்டேன். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை என்று 72ஆவது பிரிவு இருக்கிறது. அந்த நோட்டீஸ் போன பிறகு டிசம்பரில் பணம் வந்தது.

வண்டியை எடுக்க அந்தப் பையன்தான் வந்தான். சாவியைக் கேட்டான். கொடுக்கவில்லை. ஆர்.சி. என் பெயரில் இருக்கிறவரை அந்த வண்டி எங்காவது ஒருவரை இடித்தால் பொறுப்பு என் தலையில்தான் விடியும், இதையும் உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடையின் பெயரில் மாற்றிவிட்டு வா தம்பி என்றேன். மூன்று வாரம் ஆனது. ஒருநாள் காலை வண்டி விவரம் பார்க்கும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், ஓனர் இடத்தில் என் பெயர் இல்லை. கீழே இறங்கிப் போய் மேடத்திடம் காட்டினேன், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார், அப்புறம் காபி போட எழுந்து போனார். சாயங்காலம் சாவியைக் கொடுத்தேன்.