அடியில் தொங்கிய தட்டு

திண்டிவனம் தாண்டி 80-ல் போகும்போது காருக்கு அடியில் தரதரவென்று சத்தம். டயர்தான் போச்சு என்று ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு முன்பக்கம் கழன்று ரோட்டில் உரசிக்கொண்டிருக்கிறது. 6 கிளிப்பில் மிச்சம் 2. போன வாரம் ஆயில் மாற்றியபோது சரியாக மாட்டவில்லை போல.

டிக்கியில் கிடந்த கேபிள் டை மூன்றை கிளிப் ஓட்டைகளில் கோத்து இழுத்துக் கட்டினேன். சைலன்சர் குழாய்ப் பக்கம் மட்டும் கட்டவில்லை, சூட்டில் உருகிவிடும். சட்டை முதுகெல்லாம் செம்மண்.

ஊருக்கு வந்ததும் மெக்கானிக், "கழட்டிப் போட்டுடலாம் சார், அது எதுக்கு?" என்றார். மழைத் தண்ணீரும் சேறும் இன்ஜின் பெல்ட், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் அடிக்காமல் தடுப்பதே அதுதானே! புது கிளிப்பே மாட்டச் சொன்னேன். ஒன்று 15 ரூபாய்.