நழுவுகிற ஸ்கேலும் முக்கூடல் அத்தையும்

அம்மிக் குழவியைத் தூக்கி ஸ்கேல் மேல் வைத்தால் ஸ்கேல் நகராது என்று நினைத்தது என் தப்புதான். உருண்டையாக இருப்பது உருளும் என்று நாலாம் கிளாஸில் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு நான் லீவு போலிருக்கிறது. ஸ்கேல் நகரவில்லை, அதுவரைக்கும் சரி. குழவிதான் மெதுவாக மேசை விளிம்புவரை நடந்துபோய்க் கீழே குதித்தது. கீழ் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "என்னம்மா, சிலிண்டரா?" என்றார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சிக்கு டிசம்பரில் பிரசவம். பிள்ளைக்கு எங்கள் ஆச்சியின் பழைய நூல் சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப் போர்வை தைத்துத் தர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பாளையங்கோட்டையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலே முதுகு நனைகிற மாதத்தில் போர்வை தைக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். போன தடவை ஊருக்கு வந்தபோதே அதற்கான சாமான்களையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்: 6 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் கண்ணாடி மாதிரி ஒரு அக்ரிலிக் ஸ்கேல், துணிக்கு அடியில் விரிக்கிற பச்சை ரப்பர் பாய், அப்புறம் பிடி வைத்த வட்டக் கத்தி, 45 மில்லிமீட்டர் சக்கரம். ஜப்பான்காரர்கள் 1979-ல் கொண்டுவந்த சாமானாம் அது. கத்தரி மாதிரி துணியைத் தூக்காது, படுக்கப் போட்டபடியே உருட்டி வெட்டிவிடும்.

அத்தை, அதாவது என் மாமியார், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோமாசிக் கரண்டிதானட்டி இது? பல்லுதான் இல்ல" என்றார்கள். அடியில் விரிக்கப் பாய் இருக்கிறது என்று நான் சொன்னது காதில் எப்படி விழுந்ததோ, உள்ளே போய்த் தன் கல்யாணத்துப் பத்தமடைப் பாயைச் சுருட்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்லவேளை, சக்கரத்தைத் திறப்பதற்கு முன்னாடியே பார்த்துவிட்டேன். இல்லாவிட்டால் இந்தப் பதிவை அம்மா வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

சேலையை அகலவாக்கில் இரண்டாக மடித்தால் 23 அங்குலம் சொச்சம் வரும், 24 அங்குல ஸ்கேலுக்குள் கச்சிதமாக அடங்கும். இரண்டரை அங்குலப் பட்டைகளாக வெட்ட வேண்டும். முதல் பட்டை என் பக்கத்தில் இரண்டரை, அந்தப் பக்கத்தில் இரண்டேகால். இரண்டாவதை விரித்துப் பார்த்தால் மடிப்பு இருந்த இடத்தில் ஓட்டு வீட்டு முகடு மாதிரி கோணிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதில் ஸ்கேல் சர்ரென்று வழுக்கி, சக்கரம் அதன் மேலேறி என் ஆள்காட்டி விரல் நகத்தைச் சீவிக்கொண்டு போனது. சதைக்கும் அதற்கும் ஒரு நூல்தான் இடைவெளி. வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "ஹெல்மெட் வேணும்னா ஸ்டாண்டுல இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குழவி வைபவம்.

அடுத்தது உப்புத்தாள். வழுவழு அக்ரிலிக், நாற்பது வருசம் துவைத்துத் தேய்ந்த நூல் சேலை, இரண்டுக்கும் பிடிமானம் எங்கிருந்து வரும்? வண்ணார்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "எத்தனாம் நம்பர்க்கா? கதவுக்கா, கிரில்லுக்கா?" என்றார் கடைப் பையன். "சேலைக்கு" என்றேன். அவர் ஒரு நிமிசம் என்னையே பார்த்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று 80-ஐக் கொடுத்தார். அது ஆச்சி சேலையில் இழை இழையாக நூலை உருவிவிட்டது. மறுநாள் போய் 220 வாங்கி, பொட்டு அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் வைத்து ஸ்கேலின் அடியில் ஓரம் ஓரமாக, கோடுகளை மறைக்காமல் ஒட்டினேன். அத்தை வடித்த கஞ்சியைச் சேலைக்குப் போட்டு, காயவைத்துத் தேய்த்துக் கொடுத்தார்கள். துணி அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. இது பாதி வியாதியைக் குணமாக்கியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

மீதிப் பாதி போகவில்லை. இந்தப் பக்கம் அசையாமல் நிற்கிற ஸ்கேல், சக்கரம் அந்தக் கோடிக்குப் போகும்போது ரயில்வே கேட் மாதிரி மெதுவாகத் திரும்பும்.

அத்தை முக்கூடல்காரர்கள். பன்னிரண்டு வயதிலிருந்து மூட்டு வலி வந்து உட்காரவைக்கிறவரைக்கும் பீடி சுற்றியவர்கள், நாளுக்கு ஆயிரம். மடியில் சொளவு, ஊறின இலை, அதன் மேல் ஒரு சின்னத் தகரத் தகடு. தகட்டின் ஓரமாகவே கத்தரி ஓடும். நாளுக்கு ஆயிரம் பீடி என்றால் ஆயிரம் இலைத் துண்டு, ஒன்றாவது கோணியிருந்தால் கழிவில் போய்விடும். அவர்கள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்கள்:

"ஏட்டி, கைய அங்கன வச்சிக்கிட்டு இங்கன வெட்டுனா நழுவாம என்ன செய்யும்? கத்தி போற எடத்துக்குக் கையும் போவாண்டாமா?"

என் இடது கை முழுக்க முழுக்க ஸ்கேலின் நடுவிலேயே ஆணி அடித்த மாதிரி இருந்திருக்கிறது. அதைச் சுற்றித்தான் ஸ்கேல் திரும்பியிருக்கிறது! அத்தை என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்கள். உள்ளங்கையைப் போட்டு அமுக்கக் கூடாது, விரல்களை விரித்து நுனியால் அழுத்த வேண்டும். சுண்டுவிரல் ஸ்கேலைத் தாண்டி, கத்தி ஓடாத பக்கத்தில் துணியின் மேலேயே கிடக்க வேண்டும், வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்கிற மாதிரி. ஆறேழு அங்குலம் வெட்டு, நிறுத்து, கத்தியை எடுக்காதே, கையை மட்டும் மேலே நகர்த்து, மறுபடி வெட்டு. அந்தப் பட்டை இந்தக் கோடியிலும் இரண்டரை, அந்தக் கோடியிலும் இரண்டரை. நானே மூன்று தடவை அளந்து பார்த்தேன், அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் மூன்று நாளில் ஆச்சியின் நாலு சேலையும் முடிந்தது. போர்வையும் ஒரு மாதிரி ஒப்பேறிவிட்டது. முதல் மூன்று கோணல் பட்டைகளை மடித்து ஓரத்துக்குக் கொடுத்துவிட்டேன், பிள்ளைக்கா தெரியப்போகிறது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாடி மேசையில் ஸ்கேலையும் காணோம், கத்தியையும் காணோம். அடுக்களைக்குப் போனால் அத்தை மைதா மாவைப் பெரிதாகத் தேய்த்து, ஸ்கேலை அதன் மேல் போட்டு, சுண்டுவிரலை வெளியே நீட்டி, பிஸ்கட்டுக்குக் கட்டம் கட்டமாக உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். "நம்ம கரண்டியவிட இது தேவல" என்றார்கள். ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தேன். நான் ஒட்டின பொட்டுகளில் நாலைந்தைக் காணவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, "உப்பு சரியாத்தான் இருக்கு, ஆனா ஏன் நறநறன்னு இருக்கு?" என்றார்.

220-ஆம் நம்பர் என்று நான் சொல்லவில்லை.