மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, மூளை அலைகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது: "ஏன்டி, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற?" அந்த முடிச்சைப் போட எனக்கு மூன்று மேற்பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள். கணிதத்தில் ஒரு மலாய்ப் பேராசிரியர், உயிர்மருத்துவப் பொறியியலில் ஒரு சீனப் பேராசிரியர், நரம்பியலில் ஒரு தமிழ் டாக்டர் அம்மா. கோலாலம்பூரில் நான்கு வருடம் இவர்கள் மூவருக்கும் நடுவில் ஓடினேன். இப்படி இரண்டு மூன்று துறைகளுக்கு இடையில் மாட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆய்வு என்னவென்றால், வலிப்பு நோய் உள்ளவர்களின் மூளை அலைப் பதிவில், அதாவது இ.இ.ஜி.யில், வலிப்பு வராத நேரத்திலும் கூரான அலைகள் இடையிடையே தலைகாட்டும். டாக்டர்கள் அவற்றைப் பக்கம் பக்கமாகக் கண்ணால் தேடுகிறார்கள். தலையில் ஒட்டும் 19 மின்முனைகள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 256 எண்கள், 20 நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்கு 58 லட்சம் எண்கள். அந்தக் குவியலில் கூரான அலைகளைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு கணித முறையை உருவாக்க வேண்டும். நோயாளிகளின் பழைய பதிவுகளைப் பெயர் நீக்கி மருத்துவமனை தரும். ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாதவர்களின் பதிவுகளை நாங்களே எடுக்க வேண்டும்.

முதல் தடுமாற்றம் வார்த்தையில் வந்தது. "நார்மல்" என்றால் கணிதப் பேராசிரியருக்கு மணி வடிவ வளைகோடு. டாக்டருக்கு, ஆளுக்கு நோய் இல்லை. பொறியியல்காரருக்கு, எல்லா எண்களையும் ஒரே அளவுக்குள் கொண்டுவருவது. ஒரு கூட்டத்தில் "தரவு நார்மலா என்று பார்க்கவும்" என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து அதைச் சொன்னது யார் என்றே நினைவில்லை. மூன்று வேலையையும் செய்தேன். கழித்தல் ஒன்றின் வர்க்கமூலத்தைக்கூட நாங்கள் 'ஐ' என்போம், அவர்கள் 'ஜே' என்பார்கள். பொறியியலில் 'ஐ' மின்னோட்டத்துக்குப் போய்விட்டதாம். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் யார் என்ன அர்த்தம் வைத்திருக்கிறார் என்று எழுதத் தொடங்கினேன். ஆய்வேட்டை விட அந்த நோட்டுதான் எனக்கு அதிகம் உதவியது.

அப்புறம் நெறிமுறைக் குழு. கணிதத்தில் தாளும் பேனாவும் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மனிதர்களைத் தொட்டால் கதை வேறு. 1947-இல் நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் பிறந்த நியூரம்பெர்க் நெறிகள், 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனம் என்று டாக்டர் ஒரு கட்டுத் தாள்களைப் படிக்கக் கொடுத்தார். தலையில் நாலு வில்லை ஒட்டுவதற்கு இவ்வளவா என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது.

முதல் முறை பணத்தைப் பற்றி. வருகிறவர்களுக்கு 50 வெள்ளி, அதாவது 50 ரிங்கிட், என்று எழுதியிருந்தோம். அது போக்குவரத்துச் செலவா, ஆசை காட்டுவதா என்று கேட்டார்கள். அதை விளக்கிவிட்டோம். இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று வந்து உட்காருகிறவரின் பதிவில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? நான் யோசிக்கவே இல்லை. என் திட்டத்தில் அவர் 58 லட்சம் எண்கள், அவ்வளவுதான். கடைசியில், ஒவ்வொரு பதிவையும் டாக்டர் பார்ப்பார், கவனிக்க வேண்டியது இருந்தால் மட்டும் அவரே அழைத்துப் பேசுவார் என்று எழுதிச் சேர்த்தோம்.

இதற்கு நடுவில் ஒப்புதல் பாரம். மலாய், ஆங்கிலம், சீனம் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. தமிழுக்கு நான்தான். தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தானே என்று தைரியமாக உட்கார்ந்து, அகராதியைப் புரட்டி, "உச்சந்தலையில் மின்முனைகள் பொருத்தப்படும்" என்று அழகாக எழுதினேன். செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன்.

"மின்முனையா? மண்டையில கரண்டு வைப்பீங்களாம்மா?"

"இல்ல பாட்டி, வைக்க மாட்டோம். உங்க மூளையில இருந்து வர்றத எடுப்போம்."

"எடுத்துடுவீங்களா?"

சரி என்று அழித்துவிட்டு, "சிறிய உலோக வில்லைகளைத் தலையில் ஒட்டுவோம். அவை உங்கள் மூளையைக் கேட்கும், எந்த மின்சாரத்தையும் உள்ளே அனுப்பாது" என்று மாற்றினேன். பாட்டிக்குப் புரிந்தது. குழுவின் விதிப்படி, தமிழ் மொழிபெயர்ப்பை இன்னொருவர், மூலத்தைப் பார்க்காமல், ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். திரும்பி வந்த ஆங்கிலத்தில், உலோக வில்லைகள் மூளையிடம் கேள்வி கேட்கும் என்று இருந்தது. கேட்பது என்றால் காதால் கேட்பதும்தான், வாயால் கேட்பதும்தான். மொழிபெயர்த்தவர் மேல் தப்பில்லை. கடைசியில் "மூளையிலிருந்து வரும் மிக மெல்லிய மின் அதிர்வை அளக்கும்" என்பதில் வந்து நின்றோம். எவ்வளவு மெல்லியது என்று பாட்டி கேட்டதற்கு, ஒரு பென்சில் பேட்டரியை முப்பதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு என்றேன். 50 மைக்ரோவோல்ட் என்பது அதுதான்.

பாட்டி இன்னொன்றும் கேட்டார். "நான் என்ன நெனைக்கிறேன்னு உனக்குத் தெரிஞ்சிடுமா?" சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. 1924-இல் மனித மூளை அலையை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், இந்த வழிக்கு வந்ததே ஏறக்குறைய அந்தக் கேள்வியால்தான். இளம் வயதில் ராணுவத்தில் குதிரையிலிருந்து விழுந்து சாகத் தெரிந்த அன்று, தூரத்தில் இருந்த அவருடைய அக்காவுக்கு மனசு சரியில்லாமல் போய், வீட்டிலிருந்து தந்தி வந்தது. ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்கு ஏதோ போகிறது என்று நம்பித் தேடத் தொடங்கினார். அது கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் பின்மண்டையில் எழும் ஆல்ஃபா அலை கிடைத்தது, நொடிக்கு 8 முதல் 13 முறை. 1929-இல்தான் வெளியிட்டார்.

அனுமதி வந்தது, பதிவு தொடங்கியது. பாரத்தில் "தலைக்குக் குளித்துவிட்டு வரவும்" என்று எழுதியிருந்தேன். பொறியியல் பேராசிரியர் சொன்னதை அப்படியே தமிழில் போட்டேன். முதல் வெள்ளிக்கிழமை வந்த அக்கா சொன்ன சொல் தவறாமல் தலைக்குக் குளித்திருந்தார். அதாவது நல்லெண்ணெய் வைத்து, ஊறவிட்டு, சீயக்காய் போட்டு. ஒரு மல்லிகைச் சரமும் இருந்தது. மின்முனைக்கும் தோலுக்கும் நடுவில் மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே வர வேண்டும். அது 40-க்கு மேலேயே நின்றது. சாராயம் தோய்த்த பஞ்சால் வகிடு வகிடாகத் துடைத்தேன், சொரசொரப்பான களிம்பைத் தேய்த்தேன். 19 இடத்துக்கு ஒன்றரை மணி நேரம். அந்த அக்கா நடுவில் தூங்கிவிட்டார். அன்று மாலையே பாரத்தில் "ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் தடவாமல்" என்று மாற்றினேன். ஒரு சொல்லை மாற்றினாலும் குழுவிடம் மீண்டும் அனுப்ப வேண்டும். அனுப்பினேன்.

தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் நிலைமை தலைகீழ். பத்துமலையில் மொட்டை போட்ட அண்ணன்மார்கள் வரிசையாக வந்தார்கள். சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்து, இரண்டு கண்ணுக்கும் நடுவில் மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து பிடரி எலும்பு வரை நாடா பிடித்து, பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று புள்ளி வைத்து ஒட்டினால், பத்தே நிமிடத்தில் எல்லா மின்முனையும் 5-க்குக் கீழே. நாலு நாளில் 14 பேர். மேற்பார்வையாளர்கள் மூவரையும் கூட்டி வைத்து, அம்மா சொன்ன பழமொழியையும் விளக்கிவிட்டு, வரைபடங்களைப் பெருமையாகக் காட்டினேன்.

பொறியியல் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு சுத்தமான பதிவு பார்த்ததில்லை என்றார். சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல்கூட மெல்லிய கோடாகத்தான் இருந்தது. கணிதப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஒரே கோயிலுக்குப் போனவர்கள், இது எந்த மக்கள்தொகையின் மாதிரி என்று கேட்டார். டாக்டர் வரைபடத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இவர் எத்தனை நாளாத் தூங்கல?" ஆல்ஃபா விட்டு விட்டு வருகிறது, மெதுவான அலைகள் கலக்கின்றன, பாதி நேரம் ஆள் கண்ணயர்ந்திருக்கிறார் என்றார். 48 நாள் விரதம், காவடி, இரவெல்லாம் நடை. தூக்கம் கெட்டால் மூளை அலை மாறும். வலிப்பைத் தேடும் டாக்டர்கள் சில நோயாளிகளை வேண்டுமென்றே விழித்திருந்துவிட்டு வரச் சொல்வதும் அதற்காகத்தான். 14 பேரையும் ஒரு மாதம் கழித்து, நன்றாகத் தூங்கிவிட்டு வரச் சொல்லிக் கெஞ்சினேன். 9 பேர் வந்தார்கள். அதற்குள் முடி முளைத்துவிட்டது.

இனி என் பெரிய முட்டாள்தனம். இதற்கு எட்டு மாதம் போனது. டாக்டரிடம் இருந்த அச்சுத் தாள்களில் கூரான அலைகள் பெரும்பாலும் மேல்நோக்கி நின்றன. மேலே என்றால் கூட்டல். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தானே? அதனால் கூட்டல் பக்கம் எழும் கூர்முனைகளைத் தேடுமாறு நிரல் எழுதினேன். அதில் ஃபூரியர் இருந்தார். 1822-இல் வெப்பம் பரவுவதைப் பற்றிப் புத்தகம் எழுதிய அந்த மனிதரின், சிக்கலான அலையை எளிய அலைகளாகப் பிரிக்கும் கணக்கு இல்லாமல் இந்தத் துறையில் ஒரு நாள் நகராது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் டாக்டர் குறித்துக் கொடுத்த 40 இடங்களில் என் நிரல் பிடித்தது மூன்று. அவர் குறிக்காத இடங்களில் நூற்றுக்கணக்கில் பிடித்தது. வடிகட்டியை மாற்றினேன், எல்லையை மாற்றினேன், ஒரு கட்டத்தில் மொத்தக் கணித முறையையே மாற்றினேன். ஒரு நாள் டாக்டர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "ஏன்மா எல்லாத்தையும் தலைகீழாப் போட்டிருக்க?"

நரம்பியலில் கழித்தல்தான் மேலே. பழைய வழக்கம், இன்றும் அப்படித்தான். மேலே நின்ற கூரான அலைகள் எல்லாம் கழித்தல் எண்கள். நான் விழுந்து விழுந்து பிடித்தது கண் சிமிட்டல்களை. கருவிழிப் பக்கம் கூட்டல் மின்னேற்றம் இருக்கும், இமை மூடும்போது கண் மேலே உருளும், நெற்றியில் ஒட்டிய மின்முனையில் பெரிய கூட்டல் மேடு எழும். எட்டு மாதமாக நான் வலிப்பென்று எண்ணிக்கொண்டிருந்தது மனிதர்கள் கண் கொட்டியதை. நிரலில் ஒரு கழித்தல் குறி சேர்த்தேன். 40-இல் 31 வந்தது. நோட்டில் மூன்று கட்டத்திலும் "மேலே" என்ற சொல்லை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

திருத்திய நிரலை ஆரோக்கியமானவர்களின் பதிவுகளில் ஓட்டியபோது ஒருவரிடம் மணி அடித்தது. நெற்றிப்பொட்டுப் பக்கம், வரிசையாகக் கூரான அலைகள். குறியீட்டு எண்ணைப் பார்த்தேன். மொட்டை போட்ட அண்ணன்மாரில் ஒருவர், கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்கு லாரி ஓட்டுகிறவர். வலிப்பு என்ற ஒரு சொல் அவர் பெயரில் ஏறினால் அந்த ஸ்டியரிங் போய்விடும். நெறிமுறைக் குழுவின் கேள்வி அன்றிரவு முழுக்க என்னோடு விழித்திருந்தது. காலையில் டாக்டரின் கிளினிக் வாசலில் முதல் ஆளாக நின்றேன்.

அவர் மூன்று நிமிடம் பார்த்தார். "இது விக்கெட்னு சொல்ற ஒரு வகை அலை. பெரியவங்களுக்கு அரைத் தூக்கத்துல இப்படி வரும். கூரா இருக்கும், ஆனா பின்னால மெதுவான அலை வரல பாரு, பின்னணியும் கலையல. நோய் இல்ல." சற்று நிறுத்தி, "இதையும் வலிப்பையும் பிரிக்கத் தெரியாம நெறைய பேர் வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டிருக்காங்க. உன் நிரலுக்கு அதச் சொல்லிக் கொடு" என்றார். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அதுதான்.

அந்த அண்ணனை நாங்கள் அழைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்தார். பின்னால் லாரியின் உறுமல்.

"தங்கச்சி, அந்த மண்டை சோதனை என்னாச்சு? ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒன்னும் இல்லண்ணே. டாக்டர் பார்த்துட்டாங்க."

"ஒன்னுமே இல்லையா? மூளையாச்சும் இருந்துச்சான்னு கேட்டுச் சொல்லும்மா. வீட்டுல ஒருத்தி நம்ப மாட்டேங்குறா."