மாதச் சம்பளக்காரர்களின் கையேடுகள்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். என் பொறுப்புகளில் ஒன்றை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்: புத்தகம் படிப்பது. மகளிர் குழுக்களோடும் மீனவர் சங்கங்களோடும் பழகும் களப்பணியாளர்களுக்கு எந்தக் கையேடு உதவும், எது அலமாரியை அடைக்க மட்டும் உதவும் என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். வருவதெல்லாம் பெரும்பாலும் இரண்டு வகை. வரவு செலவு, சேமிப்பு, இலக்கு என்று வாழ்க்கையைத் திட்டமிடச் சொல்பவை ஒன்று. குழு அமைப்பது, கூட்டம் நடத்துவது, தலைமை என்று ஆட்களைத் திரட்டச் சொல்பவை இன்னொன்று.

முதல் வகையில் நான் முன்னுரையைத் தொடுவதில்லை. நேரே அட்டவணைப் பக்கத்துக்குப் போய்விடுவேன். முதல் கட்டத்திலேயே 'மாத வருமானம்' என்று இருந்தால் பாதித் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடும். இந்தக் கரையில் மாதம் என்பது மளிகைக் கடை பாக்கிக்கும் குழுத் தவணைக்கும் மட்டும்தான் உண்டு. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று நெடுங்காலமாக ஒரு ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதில் விசைப்படகுகள் கரையோடு சரி. வாடை என்ற வடகிழக்குக் காற்று அடித்தால் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும், வள்ளங்களை மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலுக்கு மாற்றுவார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழுந்தால் திரும்பக் கொண்டுவருவார்கள். தீவுகளை ஒட்டி மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும்தான் நாட்காட்டி, நீர் நன்றாக வற்றுவது அப்போதுதான். மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பவர்களுக்கோ ஒரு சுற்று என்பது 45 நாள். ஒரே வீட்டில் கணவர் காற்றைப் பார்க்கிறார், மனைவி நிலவைப் பார்க்கிறார், திருப்பூரில் வேலை செய்யும் மகன் சம்பளத் தேதியைப் பார்க்கிறான். இந்த மூன்றும் உட்காரும் கட்டம் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆண்டு முழுவதையும் ஒரே பக்கத்தில் போட்டு, எந்த மாதம் மீன்பாடு கிடைக்கும், எந்த மாதம் கிடைக்காது என்று நிறம் தீட்டச் சொல்லும் கையேடு வந்தால் அதற்கு உடனே ஓட்டுப் போடுவேன். அப்படியும் சில வந்திருக்கின்றன. பெரும்பாலும் விவசாயிகளுக்காக எழுதியவை. மழைக்குக் காத்திருப்பவனுக்கும் காற்றுக்குக் காத்திருப்பவனுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

அடுத்து நான் தேடுவது கடன் பக்கம். எல்லாப் புத்தகமும் அசல், வட்டி, தவணை என்று மூன்று பத்தி போட்டு, 'அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள்' என்று சொல்லும். சரியான அறிவுரைதான். ஆனால் படகுக்கோ வலைக்கோ வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் அந்தப் பத்திகளில் அடங்காது. அதற்குத் தனியாக வட்டி என்று எதுவும் எழுதியிருக்காது. பிடிக்கிற மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. வட்டி அந்த விலைக்குள் ஒளிந்திருக்கிறது. தொழில் மோசமான நாளில் வீட்டுச் செலவுக்கும் அவரிடமே போய் நிற்பார்கள், அவரும் கொடுப்பார். "அவர அடைச்சுட்டா, அடுத்த வாடைக்கு யார்கிட்ட போறது சார்?" என்று ஒரு அக்கா கேட்டார். கடனை அடைப்பதே ஒரு ஆபத்தாகத் தெரியும் இடத்தில் 'கடனற்ற வாழ்க்கைக்கு ஏழு படிகள்' என்ற அத்தியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த அக்காவின் கேள்விக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கிய நூலைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகம் எழுதாதவர்கள் சில சமயம் நன்றாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். அரசின் மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தைப் பாருங்கள். மீனவர் தன் பங்காக 1,500 ரூபாய் கட்டுகிறார், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500. தொழில் மந்தமான மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. தொகை சின்னது, வந்து சேருவதில் தாமதம் என்ற புலம்பலும் உண்டு. ஆனாலும் ஓடுகிற காலத்தில் எடுத்து ஓடாத காலத்தில் கொடுப்பது என்ற ஏற்பாடு கடலை அறிந்தது.

ஆட்களைத் திரட்டும் கையேடுகளில் என் அனுபவம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது. தலைமைப் பண்பு பற்றிய அத்தியாயம் எவ்வளவு நீளமோ, புத்தகம் அவ்வளவு பயனற்றது. நோட்டு எழுதுவது பற்றிய அத்தியாயம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு பயனுள்ளது. சுய உதவிக் குழுக்களுக்குச் சொல்லும் பஞ்ச சூத்திரம் தெரிந்ததுதான்: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்கு. இந்த ஐந்தில் நாட்டை ஆளப் பிறந்த தலைவி எங்கேயும் இல்லை. நான் பார்த்தவரை குழுக்கள் உடைவது கணக்கு நோட்டில்தான். 'அந்தப் பணம் கட்டினேன், எழுதல' என்று ஆரம்பிக்கும். அப்புறம் சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் சேருவார்கள். ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்கிற கையேடு, ஆளுமை வளர்ச்சி பற்றி முன்னூறு பக்கம் பேசுகிற கையேட்டைவிட எனக்கு ஒசத்தி.

மனு எழுதுவது பற்றி ஒரு பக்கம் இருந்தாலும் மதிப்பெண் கூட்டுவேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் பாசி எடுக்கும் பெண்களுக்கு வனத்துறையோடு பேச வேண்டிய தேவை தீர்வதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது உரிமை பற்றிய உரை அல்ல. யாருக்கு முகவரியிடுவது, எத்தனை நகல், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக்கூடாது, இவ்வளவுதான். கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் திங்கட்கிழமை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் அதுவும் ஒன்று. ஆண்கள் கடலில் இருக்க, மனுவோடு பஸ் ஏறுவது பெண்கள். 'குடும்பத் தலைவர் கையெழுத்து' என்று கோடு போட்ட மாதிரி மனுவை நான் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் நகல் எடுக்கக் கொடுப்பேன்.

இந்த வகை நூல்களுக்கெல்லாம் நான் அளவுகோலாக வைத்திருப்பது ஒரு மருத்துவக் கையேடு. டேவிட் வெர்னர் எழுதிய 'வேர் தேர் இஸ் நோ டாக்டர்'. மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் வேலை செய்தபோது முதலில் ஸ்பானிஷில் எழுதியது, 1977-ல் ஆங்கிலத்தில் வந்தது. எந்த அறிகுறி வந்தால் இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு உதவி தேடிப் போக வேண்டும் என்று அது பல இடங்களில் சொல்கிறது. திட்டமிடல் நூல்களில் அந்தப் பக்கம் காணவே காணோம். சேமிக்க முடியாத வீட்டுக்கு இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்கின்றன. படகு பிடிபட்டு ஆள் இலங்கைச் சிறையில் இருக்கும் வீட்டில் போய் வரவு செலவுத் திட்டம் போடச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவற்றை எழுதியவர்கள் யோசித்ததில்லை.

கடைசியாக ஒரு சோதனை வைக்கிறேன். புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், குழுவில் கணக்கு எழுதும் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளில் எண்கள் இருந்தால் புத்தகத்தை வாங்கச் சொல்லி எழுதுவேன். மீன் மடித்து வந்தால் எழுதமாட்டேன். போன முறை வந்த தாளில் புத்தகத்தின் கட்டங்கள் எதுவும் நிரம்பவில்லை. பின்பக்கம் முழுக்க அவர்களே கோடு போட்டு, யார் யார் எந்த வியாபாரிக்கு எவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். பதிப்பாளருக்கு அனுப்பும் மதிப்பீட்டில் அந்தப் பின்பக்கத்தை, பெயர்களை மட்டும் மறைத்து, இணைத்துவிட்டேன்.