ஆறறிவு பல்புகளும் அம்மாவின் ஆள்காட்டி விரலும்

எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரை மணி ஆகிவிட்டது என்பதைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அம்மா படுக்கப் போகும் முன் வாசற்கதவில் தொடங்கி ஒவ்வோர் அறையாக நடந்து, ஆள் இல்லாத இடத்து விளக்குகளை அணைத்துக்கொண்டே வருவார். அந்த 'டக்', 'டக்' ஓசை நெருங்க நெருங்க, அடுத்தது நம் அறைதான் என்று தெரிந்துவிடும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடக்கும் இந்த ரோந்துக்கு நான் எதிர்ப்புத் தெரிவித்ததே இல்லை, ஸ்மார்ட் பல்புகள் நான்கை வாங்கிவந்து மாட்டிய அந்தச் சனிக்கிழமை வரையில்.

அந்தப் பல்புகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியிலிருந்தே போடலாம், அணைக்கலாம், வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கலாம், வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து ஊதாவுக்கும் மாற்றலாம். கூடம், மாடிப்படி, மாடியிலுள்ள என் வேலை அறை, படுக்கையறை என்று நான்கு இடங்களில் மாட்டிவிட்டு, அன்று மாலை முழுவதும் சோபாவை விட்டு எழாமலே கூடத்தின் நிறத்தை மாற்றிக் காட்டி வீட்டாரின் பாராட்டைப் பெற்றேன். பாராட்டு என்றால், மகள் கைதட்டினாள்; மனைவி கண் கூசுகிறது என்றாள். ஒன்பதரைக்கு வழக்கமான 'டக்' கேட்டது. பத்து மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே மாடிப்படி விளக்கை மட்டும் மங்கலாக எரியவிடலாம் என்று செயலியைத் திறந்தால், மூன்று பல்புகளின் பெயருக்கு எதிரேயும் 'தொடர்பில் இல்லை' என்று எழுதியிருந்தது.

ஸ்மார்ட் பல்பின் மூளை பல்புக்குள்ளேதான் இருக்கிறது. அதற்குள் உள்ள சிறிய வானலைக் கருவி இருபத்துநான்கு மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு நமது கட்டளைக்காகக் காத்திருக்கிறது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் விளக்கோடு சேர்ந்து அந்தக் காதும் அடைபட்டுவிடும். ஆகவே இந்தப் பல்பு அணைந்திருப்பதற்கும் மின்சாரம் தேவை. இந்த ஒரு வாக்கியத்தை அம்மாவுக்கு விளக்குவதில் மறுநாள் காலை முழுவதும் கழிந்தது.

"அணைஞ்சு கிடக்கிறதுக்கு எதுக்குடா கரண்ட்டு?" என்று கேட்டார்.

அரை வாட்டுக்கு மேல் இழுக்காது என்றும், அரை வாட் என்றே வைத்துக்கொண்டாலும் ஓர் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் கணக்கிட்டால் ஒரு பல்புக்கு 4.38 யூனிட்தான் ஆகும் என்றும் தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா அந்தத் தாளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நாலு பல்பு மாட்டியிருக்கியே, அப்ப பதினேழரை யூனிட்டு ஆச்சே" என்றார். கணக்குச் சரிதான். சும்மா இருப்பதற்குப் பதினேழரை யூனிட் செலவழிக்கும் ஒரு பொருளை அவர் வாழ்நாளில் கண்டதில்லை என்பதை அவர் பார்வையிலிருந்து புரிந்துகொண்டேன். அந்தப் பார்வை பல்பின் மீதிருந்து என் மீது நகர்ந்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

இருந்தாலும் ஒரு சமரசம் ஏற்பட்டது. மற்ற மூன்று சுவிட்சுகளை அம்மா தொடமாட்டார். கூடத்து விளக்கை மட்டும் தன் கையால் அணைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்பதால் அதை விட்டுத்தர வேண்டும் என்றார். நானும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன். அன்றிரவிலிருந்து மாடியில் என் வேலை அறை விளக்கு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பகலில் ஒழுங்காக இருக்கும். இரவு ஒன்பதரை தாண்டினால் ஊமையாகிவிடும். பல்பைக் கழற்றி மாட்டினேன், பல்புகளுக்குக் கட்டளை அனுப்பும் ஹப் என்ற சிறு பெட்டியை அணைத்துப் போட்டேன், வைஃபையும் பல்புகள் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது என்று ரூட்டரைத் தள்ளி வைத்தேன். மூன்றாம் நாள்தான் உண்மை விளங்கியது. நான் வாங்கியவை ஜிக்பீ என்னும் கம்பியில்லாத் தொடர்பு வகைப் பல்புகள். அவை ஒவ்வொன்றும் ஹப்போடு நேராகப் பேச வேண்டும் என்பதில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்குத் துண்டுச் சீட்டு போவதைப் போல, ஒரு பல்பு வாங்கி அடுத்த பல்புக்குக் கடத்தும். ஹப்பிலிருந்து மாடிக்கு நேர்வழியில் அலை எட்டவில்லை. கூடத்துப் பல்புதான் இதுநாள்வரை கைமாற்றிக் கொடுத்துவந்திருக்கிறது. அம்மா கூடத்தில் சுவிட்சை அணைத்தால் மாடியில் விளக்கு மூர்ச்சையாகிவிடுகிறது. மாமியார் மருமகள் சண்டையில் மூன்றாவது ஆள் பட்டினி கிடப்பதைப் போன்ற நிலைமை இது.

எனவே சமரசத்தை ஒருதலையாக முறித்துக்கொண்டு, கூடத்து சுவிட்சின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கே ஒட்டினேன். அம்மா அதை நகத்தால் உரித்து, உருட்டி, குப்பையில் போட்டார். இரண்டாவது முறை, சுவிட்சை மூடும் பிளாஸ்டிக் உறை ஒன்றைத் திருகாணியால் பொருத்தினேன். அன்றிரவு ரோந்து கூடத்தில் வந்து நின்றது. உறையை இரண்டு முறை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் போய், இரண்டு மணிக்குத் திரும்பி வந்தது. வந்த நொடியில் வீட்டின் நான்கு பல்புகளும் ஒருசேர, முழு வெள்ளை வெளிச்சத்தில், கல்யாண மண்டபம் போல எரிந்தன. மகள் அலறினாள். மனைவி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு என் பெயரைச் சொன்ன விதத்தை இங்கே எழுத இயலாது. கூடத்திலிருந்து அம்மா, "விடிஞ்சிடுச்சாடா?" என்று கேட்டார். சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் எப்படியும் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக, மின்சாரம் வந்ததும் தானாக எரியும்படிதான் இத்தகைய பல்புகளைப் பெரும்பாலும் ஆலையிலேயே அமைத்து அனுப்புகிறார்கள். மின்வெட்டுக்கும் சுவிட்சுக்கும் உள்ள வேறுபாடு பல்புக்குத் தெரியாது. அம்மா வழக்கம்போல சுவிட்சுகளை அணைத்திருந்தால் அன்று ஒரு விளக்கும் எரிந்திருக்காது என்பதை அவர் காலையில் நினைவூட்டவில்லை. நினைவூட்டாமல் இருந்ததுதான் அதிகம் வலித்தது.

செயலியில் தேடி, மின்சாரம் திரும்பும்போது பழைய நிலையிலேயே இருக்கட்டும் என்று மாற்றினேன். அணைந்திருந்த பல்பு அணைந்தே இருக்கும். இதன் மறுபக்கத்தைச் சித்தப்பா கண்டுபிடித்துக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வெளியே போயிருந்த ஒரு மாலையில் வந்தவர், சாவியை வாங்கிக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, உறையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டிருக்கிறார். விளக்கு எரியவில்லை. கைப்பேசியில் அணைத்ததைக் கைப்பேசியில்தானே போட வேண்டும். கைப்பேசியோ என் சட்டைப்பையில் இருந்தது. மனிதர் சளைக்காமல் போட்டு அணைத்து, போட்டு அணைத்து முயன்றிருக்கிறார். நான் வாங்கிய பல்பில் ஐந்து முறை விரைவாக அவ்வாறு செய்தால், அது தன் முன்வினைகளையெல்லாம் மறந்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு புதிய எஜமானனைத் தேடத் தொடங்கும். நாங்கள் திரும்பி வந்தபோது கூடம் பளிச்சென்று இருந்தது. செயலியில் கூடம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. "கொஞ்சம் மிரட்டினாத்தான் எரியுது" என்று சித்தப்பா எனக்கு அறிவுரை சொன்னார்.

இடையில், பல்பைப் போட்டு அணைக்கக் கம்பியில்லாப் பொத்தான் ஒன்றையும் வாங்கினேன். பின்புறம் காந்தம் உண்டு; உள்ளே சிஆர் 2032 என்னும் நாணய பேட்டரி. (20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன் என்பதே அந்த எண்ணின் பொருள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கிடைத்த ஒரே இலாபம் அது.) நான்கு நாளில் அது காணாமல் போய், பதினொன்றாம் நாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மகள் வரைந்த யானைப் படத்தைத் தாங்கிக்கொண்டிருக்கக் கண்டோம். படத்தை யாராவது அழுத்திப் பார்க்கும்போதெல்லாம் மாடிப்படி விளக்கு எரிந்தது ஏன் என்ற புதிருக்கும் அன்று விடை கிடைத்தது.

பல்பு வேண்டாம், பிளக்கே போதும் என்று மேசை விளக்குக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கியது தனிக்கதை. மேசை விளக்கின் கம்பியில் ஏற்கெனவே ஒரு சுவிட்ச் உண்டு. பிளக்கும் அந்த சுவிட்சும் ஒரே கம்பியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாயிற்காவலர்கள்; இருவரும் விட்டால்தான் மின்சாரம் உள்ளே போகும். நான் பிளக்கைப் போட்டால் மனைவி கம்பி சுவிட்சை அணைத்திருப்பாள். அவள் அதைப் போட்டால் நான் பிளக்கை அணைத்திருப்பேன். இல்லறத்தின் இலக்கணமே அதில் அடங்கியிருந்தது. சூரியன் மறைந்ததும் 'மேசை விளக்கு' எரிய வேண்டும் என்று ஒரு நியதியையும் எழுதி வைத்தேன். ஆனால் தன்னில் எதைச் செருகியிருக்கிறார்கள் என்பது பிளக்குக்குத் தெரியாது. ஒருநாள் மனைவி அதைப் பிடுங்கிக் கொண்டுபோய்த் தன் அறையில் செருகி, மேசை மின்விசிறியை அதில் மாட்டியிருக்கிறாள். வரிசை வாரியாக அடுக்கி வைத்திருந்த அவளது அலுவலகத் தாள்கள் சரியாகச் சூரியன் மறைந்த நேரத்தில் அறை முழுவதும் பறந்தன. மின்விசிறியாக இருந்ததால் சிரித்துக் கடந்தோம்; இஸ்திரிப் பெட்டியாக இருந்திருந்தால் சிரிக்கும் விஷயமாக இருந்திருக்காது.

கடைசியில் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். சுவிட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் பொருத்தும் சிறிய கருவியை அவரிடம் கொடுத்து, பல்புக்கு எப்போதும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், சுவிட்ச் மின்சாரத்தை வெட்டாமல் செய்தியை மட்டும் அனுப்ப வேண்டும் என்று விளக்கினேன். அவர் சுவிட்ச் பலகையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நியூட்ரலே வரலையே சார்" என்றார். கருவி தானும் இயங்க, மின்சாரம் வரும் பேஸ் கம்பியோடு அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் வேண்டும். எங்கள் சுவிட்சுக்குப் பேஸ் மட்டும் வந்து திரும்பும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் கருவியும் உண்டு என்று, சாதாரண எல்இடி பல்பு இருக்கும் பின்வாசலில் அதைச் சோதித்தோம். அக்கருவி தான் உயிர்வாழ வேண்டிய மின்சாரத்தை பல்பின் வழியாகவே கசியவிட்டுக்கொள்கிறது. அந்தக் கசிவு பல்புக்குள் சிறுகச் சிறுகச் சேர்ந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னி மறைந்தது. அணைத்த விளக்கு இருட்டில் கண்ணடிப்பதைப் பார்த்த அம்மா, பின்வாசல் பக்கம் இரண்டு நாள் போகவில்லை. வேறு வழியின்றி எலக்ட்ரீஷியன் அரை நாள் உழைத்து, குழாய் வழியே நியூட்ரல் கம்பியை இழுத்துக் கொண்டுவந்தார்.

கழற்றிய பழைய சுவிட்சை என் உள்ளங்கையில் வைத்துத் திறந்து பார்த்தேன். பித்தளைத் தகடு ஒன்று, கரிந்த புள்ளியுடன் இரண்டு முனைகள், கடுகளவு தடித்த ஒரு சுருள்வில், அவ்வளவுதான். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-இல், முனைகள் சட்டென்று விலகும்படி ஒரு சுவிட்சை அமைத்தார். மெதுவாக விலகினால் இடையில் தீப்பொறி நீடித்து முனைகளைத் தின்றுவிடும். அம்மாவின் 'டக்' ஓசை அந்த விரைவின் ஓசைதான். அதன் இடத்தில், அழுத்தினால் மீண்டும் எழுந்துவிடும் சுவிட்சைப் பொருத்தினோம்.

"இது பெல் சுவிட்சு ஆச்சே" என்றார் அம்மா. அழுத்தினார், மணி அடிக்கிறதா என்று காத்திருந்தார், விளக்கு அணைந்தது. "இனி பல்பு மாத்தணும்னா?" என்று கேட்டார். மெயினை அணைக்க வேண்டும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். இந்த சுவிட்சை ஒருமுறை அழுத்தினால் கூடத்து விளக்கு, இருமுறை அழுத்தினால் வீட்டின் எல்லா விளக்குகளும் அணைய வேண்டும் என்று என் வசதிக்காக ஏற்பாடு செய்தேன். இருமுறை என்ற ஒன்று வந்துவிட்டால், முதல் அழுத்தலுக்குப் பிறகு இரண்டாவது வருகிறதா என்று கருவி ஒரு கணம் பொறுத்துப் பார்க்கும். அந்தக் கணம் அம்மாவின் விரலுக்கு நீளமாகப் பட்டது. அழுத்தியும் விளக்கு உடனே அணையாததால் இன்னொரு முறை அழுத்தினார். படுக்கையறை, மாடிப்படி, என் வேலை அறை எல்லாம் ஒரே வீச்சில் இருண்டன. மூன்று பக்கத்திலிருந்தும் எழுந்த கூக்குரலை அம்மா சற்று நேரம் நின்று கேட்டார்.

அன்றிலிருந்து ரோந்து இல்லை. ஒன்பதரைக்குக் கூடத்தில் நின்றபடியே இரண்டு தட்டு தட்டுகிறார், வீடு அடங்கிவிடுகிறது. ஹப், செயலி, பதினேழரை யூனிட் எதைப் பற்றியும் இப்போது அவருக்குக் குறையில்லை. இருமுறை அழுத்தும் ஏற்பாட்டை நீக்கிவிடவா என்று கேட்டதற்கு, "இருக்கிறதிலேயே அது ஒண்ணுதான்டா உருப்படியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். மணி இப்போது ஒன்பது முப்பத்தொன்று. இந்தக் கடைசிச் சில வரிகளை மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தில்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கைப்பேசி கீழே கூடத்தில், அம்மாவின் கட்டிலுக்கு அருகே சார்ஜில் இருக்கிறது.